நாற்பத்தைந்துக்கு ஒரு படம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, நம் வீடியோ கேசட் கடை மூவரும் நலம். மாமாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. முப்பது வருடம் பஸ்ஸின் கிளட்சை மிதித்த கால், இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே முறைக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வறட்டு இருமல் போயிற்றா? போனில் கேட்டால் ‘ம்’ போடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் முனைக் கடைக்காரர் தன் கண்ணாடிக் கதவில் ‘புது டிஸ்க் வந்துவிட்டது’ என்று எழுதி ஒட்டிவிட்டார். வைத்திருப்பது என்னவோ ஆறே ஆறு. ஆனாலும் நம் உறுப்பினர்கள் நாலு பேர் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் ஒருவர் என்னிடமே வந்து, “என்னக்கா, நீங்க இன்னும் கேசட்டையே சுத்திக்கிட்டு இருக்கீங்க?” என்கிறார். பதினான்கு வருடமாக இவர் ரீவைண்ட் பண்ணாமல் கொண்டுவந்து போட்டதைத்தான் நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நானும் ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, படம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தத் தட்டுல ரெண்டரை மணி நேரப் படம் எங்கடி ஒளிஞ்சிருக்கு?” என்றார். ஆனால் விலை முந்நூறு! கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை.

நீ டிஸ்க் கம்பெனியில், அதுவும் விலை போடுகிற பிரிவிலேயே உட்கார்ந்திருக்கிறாய். அதனால் நேராகக் கேட்கிறேன். இந்த விலை நிற்குமா? நான் இதில் இறங்கலாமா? மாமா வேலையை விட்டபோது வந்த பணம் தொடாமல் வங்கியில் இருக்கிறது. கடையில் பாதியை டிஸ்க்காக மாற்றிவிட எனக்கு ஆசை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறார் மாமா. நீ ஒரு வார்த்தை சொன்னால் விடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இருமல் போய்விட்டது. மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், மாடிப்படியோடு சண்டை வேண்டாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு டிஸ்க்கை அச்சடிக்க எங்களுக்கு ஆகிற செலவு பத்துக்கும் குறைவு. தலையில் அடித்துக்கொள்ளாதே. முந்நூறு என்பது உன்னைப் போன்ற வாடகைக் கடைகளுக்காகவே வைத்த விலை. ஒரு படத்துக்கு முந்நூறு கொடுத்து வீட்டில் எவரும் வாங்க மாட்டார்கள். நீ வாங்கி நாளுக்குப் பத்து என்று விடுவாய். முப்பது தடவை போய் வந்தால் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் உனக்கு. இதுதான் கம்பெனியின் திட்டம். மூன்று வருடத்துக்கு விலையைத் தொடமாட்டோம் என்று எங்கள் மேலாளரே சொன்னார். கேசட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள் இருந்தால் அதிகம். தைரியமாக இறங்கு.

எனக்கும் ஒரு சின்ன உதவி வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வாரம் ஒரே ஒரு கேள்வி கேள். இந்த டிஸ்க் என்ன விலையென்றால் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே வாங்கிவிடுவார்கள்? எங்கள் ஆட்கள் டை கட்டிக்கொண்டு போய்க் கேட்கிறார்கள். ஜனங்களும் பெரிய மனுஷத்தனமாக நூறு, நூற்றைம்பது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உன்னிடம் யாரும் அளக்க மாட்டார்கள். பேச்சோடு பேச்சாகக் கேள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. சும்மா, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
உன் தம்பி

*

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சௌக்கியம். வெந்நீர் ஒத்தடத்துக்கு மாமாவின் முழங்கால் மசிந்துவிட்டது, மாமா மசியவில்லை.

நீ வேலைக்குப் போன இந்த ஆறு வருடத்தில் முதல்முறையாக என்னிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறாய். விடுவேனா? ஒரு வாரம் கேட்கச் சொன்னாய், பன்னிரண்டு நாள் கேட்டேன். மொத்தம் ஐம்பத்திரண்டு பேர்.

முதலில் மாட்டியவர் பல் டாக்டர். பேய்ப் படம் மட்டும்தான் எடுப்பார். பகலெல்லாம் ஊரைப் பயமுறுத்துவது போதவில்லை போலிருக்கிறது. “எனக்கென்ன, நூறுன்னாலும் வாங்குவேன்” என்றார். சரியென்று கேசட்டை உறையில் போட்டேன். அவர் பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்ட நேரத்தில், “நிஜமா டாக்டர்?” என்றேன். கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. “அம்பது. அதுவும் வீட்டுல தெரியாம” என்றார். அங்கேதான் எனக்கு வித்தை பிடிபட்டது. முதலில் சொல்வது கௌரவத்துக்கு. கை பைக்குள் இருக்கும்போது சொல்வதுதான் நிஜம். அதற்குப் பிறகு அந்த நேரம் பார்த்தே எல்லோரையும் கேட்டேன்.

டீச்சர், பிள்ளைகள் படமென்றால் அறுபதுகூடத் தருவாளாம். “ஒரே படத்தை நாப்பது தடவை பாக்குதுங்கக்கா. எனக்கே வசனம் மனப்பாடம்” என்கிறாள். மின்சார வேலை பார்க்கிறவர் முப்பதுக்கு மேல் மூச்சு விடவில்லை. தபால்காரர் இருக்கிறாரே, ரிட்டையர் ஆனவர், எட்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரே படத்தை எடுக்கிறவர், அவர் பதறிப்போய்விட்டார். “எனக்கு விக்காதேம்மா. வாங்கிட்டா சனிக்கிழமை நான் எங்க போறது?” என்றார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. படித்தவன் நீயே பார்த்துக்கொள்.

நல்ல பதில் சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸ்தான். ஐம்பது என்றால் வாங்குவாயா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம், “நாப்பத்தஞ்சுன்னு வையுங்க. அம்பதை நீட்டினா மீதி அஞ்சு திரும்பக் கைக்கு வரும். அந்த அஞ்சுல பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படம் பாப்பேன்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவளுக்கு அடுத்து வந்தவர்களிடம் நாற்பத்தைந்து என்று சொல்லிப் பார்த்தால், எல்லோர் முகத்திலும் அதே நினைப்பு ஓடுகிறது. ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு பேர் நாற்பத்தைந்துக்கு வாங்குவோம் என்கிறார்கள். ஐம்பது என்றதும் அதில் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். ஒரு ஐந்தில் இவ்வளவு இருக்கிறது.

முந்நூறு விற்கிற இடத்தில் நாற்பத்தைந்தா என்று உன் மேலாளர் சிரிக்கப் போகிறார். சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்கும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. இப்போது சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? ஏழு வாரமாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே தலைக்கு மேல் வேலை. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டம்.

எனக்கு அலுவலகத்தில் வேறு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம், ஒரு மரம். மதியம் நல்ல வெளிச்சம் வருகிறது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

கடை எப்படிப் போகிறது? புது டிஸ்க் ஏதாவது வாங்கிவிட்டாயா? சும்மாதான் கேட்கிறேன்.

நீ எழுதியது மிகவும் உதவியாக இருந்தது. நன்றி.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம். நன்றியாமே நன்றி! கூடப் பிறந்தவளுக்கு நன்றி சொல்கிற அளவுக்கு ஜன்னல் வைத்த அறை உன்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

டிஸ்க்கா? எங்கே வாங்கினேன்! இன்னும் யோசனைதான். உன் மாமாதான் தெரியுமே, கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்.

மே இரண்டாம் ஞாயிறு நீ கட்டாயம் இங்கே வர வேண்டும். எதற்கென்று கேட்காதே. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மே மாதம் முழுக்க என்னால் நகர முடியாது. லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தவறாக நினைக்காதே. ஜூனில் வருகிறேன்.

நீ டிஸ்க் வாங்கவில்லை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெயிலில் அலையாதே.

உன் தம்பி

*

மே 14

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. 

ஞாயிற்றுக்கிழமை கடையின் டிஸ்க் பகுதியைத் திறந்தோம். ஆமாம், டிஸ்க் பகுதி. உனக்குக் காட்டி வாயைப் பிளக்க வைக்க வேண்டுமென்றுதான் அவ்வளவு நாளும் மறைத்து வைத்தேன். இடதுபக்கச் சுவர் முழுக்கப் புது அலமாரி. இருநூறு டிஸ்க். வாடகைக்கு விட ஐந்து பிளேயர். ஜனவரியில் உன் கடிதம் வந்த இரண்டாம் வாரமே மாமாவின் பணத்தை எடுத்து ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஞாயிறும் திங்களும் கடையில் கால் வைக்க இடமில்லை.

இன்றைக்குக் காலையில் கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் ஓடி வந்தாள். கையில் பேப்பர். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, நான் சொன்னதை யாரோ பேப்பர்ல போட்டிருக்காங்கக்கா!” என்றாள். முழுப் பக்க விளம்பரம். உன் கம்பெனியின் முத்திரை. ‘புதுப் படங்கள் இனி சொந்தமாக. விலை நாற்பத்தைந்துதான்! மீதி ஐந்தில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படம் பாருங்கள்!’

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தைந்து. ஐம்பதில்லை, நாற்பதில்லை, நாற்பத்தைந்து. என் பின்னால் முந்நூறு முந்நூறாக இருநூறு டிஸ்க் அடுக்கியிருக்கிறது. அவள் பாவம், “ஏங்க்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். 

மத்தியானம் பல் டாக்டர் வந்தார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுப்பினர் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். சாயந்திரத்துக்குள் பதினொரு பேர்.

உன் ஆபீஸுக்கு மூன்று தடவை போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாராம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாய் போதாதென்று ஐம்பத்திரண்டு பேர் வாயை வாடகைக்குப் பிடித்தேனே.

ஒன்றே ஒன்று சொல். அந்தக் கடிதத்தை நீ என்ன செய்தாய்?

அக்கா

*

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருநூறா? வாங்கவில்லை என்று எழுதினாயே, அக்கா. இன்னும் யோசனைதான் என்று எழுதினாயே. அதை எடுத்து வைத்து எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜனவரியில் நான் உனக்கு எழுதியபோது முந்நூறு என்பதுதான் கம்பெனியின் முடிவு. அதில் பொய் இல்லை. ஆனால் கடைகளை விட்டுவிட்டு நேராக வீடுகளுக்கு விற்கலாம் என்று உள்ளே ஒரு கட்சி இருந்தது. நான் அந்தக் கட்சி. அதை உனக்கு எழுதவில்லை. எவ்வளவுக்கு விற்றால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று காட்ட என்னிடம் ஆதாரம் இல்லாமல் இருந்தது. உன் கடிதம் வந்தது.

மார்ச் மூன்றாம் தேதி கூட்டத்தில் அதை நான் வாய்விட்டுப் படித்தேன். பல் டாக்டர் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கை பைக்குள் இருக்கும்போது கேட்க வேண்டும் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் நிர்வாக இயக்குநர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நர்ஸ் சொன்னதை விளம்பரப் பிரிவுக்காரர் அங்கேயே குறித்துக்கொண்டார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. வெளியே மூச்சு விட்டால் வேலை போகும் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் என்னைப் பிரிவுத் தலைவர் ஆக்கினார்கள். ஜன்னல் வைத்த அறை அப்படித்தான் வந்தது.

மார்ச்சில் உனக்கு எழுதும்போது எப்படியாவது சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்தேன். கடைசியில் மரத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். நீ வாங்கவில்லை என்று பதில் வந்ததும், இனி சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். டிஸ்க் வாங்காவிட்டாலும் கடை போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

என்னைத் திட்டி எழுது, அக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி

*

ஜூன் 15

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முழங்கால் பரவாயில்லை. உன் அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. சமையலறையில் நின்றவள் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மொத்த வியாபாரியிடம் போனேன். அவர் என்னை அடித்துத் துரத்தாத குறை. அவரிடமே குவிந்து கிடக்கிறது. கடையை மாதக் கடைசியில் காலி செய்கிறோம். தபால்காரர் வந்து தன் கேசட்டைக் கேட்டார். அக்கா அதைச் சும்மாவே கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டு போகாமல் வாசலிலேயே நின்றார். நான்தான் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். இருநூறில் பாதிதான் பிப்ரவரியில் வந்தது. மீதி நூறு ஏப்ரல் பத்தாம் தேதி வந்து இறங்கியது. மார்ச்சில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நூறை வேண்டாம் என்றிருப்போம்.

ரோட்டில் பள்ளம் இருந்தால், எதிரே வரும் வண்டிக்கு லைட்டைச் சிமிட்டிக் காட்டுவோம். அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கையெழுத்தும் கேட்பதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. சாப்பிடாமல் கிடக்காதே.

மாமா

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். எங்கள் இயக்குநர் உன்னை வேலைக்குக் கேட்கிறார். விளையாட்டில்லை. “அந்தக் கடிதம் எழுதின அம்மா எங்க இருக்காங்க? நம்ம முப்பது பேர் செய்யாததை ஒருத்தி செஞ்சிருக்காங்களே” என்று கூட்டத்திலேயே கேட்டார். நீ என் அக்கா என்று அப்போதுதான் சொன்னேன்.

அடுத்து பழைய படங்களுக்கு விலை வைக்கப் போகிறார்கள். புதுப் படம் கைவிட்டுப் போனாலும் பழைய படத்தை வைத்துக் கொஞ்சம் வாடகைக் கடைகள் இன்னும் ஓடுகின்றன. ஊர் ஊராகப் போய் அந்தக் கடைகளில் உட்கார்ந்து, உன் வழியில் கேட்க வேண்டும். நல்ல நாளிலும் கடை தராத அளவு சம்பளம், பயணச் செலவு தனி. வாய் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

இதைக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மாமாவின் பணத்தை நான் வேறு எந்த வழியில் திருப்புவேன்? முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

வருகிறேன். ஊரெல்லாம் தேடினாலும் இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? ஒப்பந்தத்தை அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

மாமா நலம்.

அக்கா

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இது விடுதி அறையிலிருந்து எழுதுவது. நீ இளைத்துவிட்டாய் என்று போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த கம்பெனிக் கணக்கர் சொன்னார். இளைக்காதே.

முதலில் வேலை. ஏழு ஊர், ஒன்பது கடை, முந்நூற்றுப் பத்துப் பேர். பழைய படம் என்றால் தனியாக வாங்க யோசிக்கிறார்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு படம் போட்டு இருபத்தைந்து என்றால் பையிலிருந்து கை தானாக வெளியே வருகிறது. எழுதி வைத்த தாள்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும். அந்த வேலையில் நான் குறை வைக்கவில்லை.

இனி ஒன்பதாவது கடை. வீட்டின் முன்னறையைக் கடையாக்கி வைத்திருக்கிறாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேள்வி என்ன என்று விசாரித்தாள். சொன்னேன். “நீங்க கேட்டா கூச்சப்படுவாங்கம்மா. நானே கேக்கறேன், நீங்க எழுதிக்குங்க” என்றாள். இரண்டு நாள் அவள்தான் கேட்டாள். என்னைவிட நன்றாகக் கேட்டாள், தம்பி. ஒருத்தரையும் விடவில்லை. ஒவ்வொரு ஆள் போன பிறகும் என்னைப் பார்த்து, “போதுமா? இன்னும் நாலு பேர்கிட்ட கேக்கட்டுமா?” என்றாள்.

நேற்று மத்தியானம் நான் கிளம்பும்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். “புதுப் படம் போனா போகட்டும்மா. பழைய படத்தை எவன் மலிவா விக்கப் போறான்? திங்கக்கிழமை பணம் கட்டி நானூறு தட்டு எடுக்கறேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லலை. திறக்கற அன்னிக்குச் சொல்லலாம்னு இருக்கேன். நீங்க கம்பெனி ஆளு, சொல்லுங்க. எடுக்கலாம்தானே?”

 டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். “எடுக்காதீங்க. ரெண்டு படம் சேர்த்து இருபத்தஞ்சுக்கு வரப் போகுது. நீங்க ரெண்டு நாளா கேட்டுக் கொடுத்தது அதுக்குத்தான்” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. நன்றி சொல்லவில்லை. என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய் என் எதிரிலேயே போன் போட்டு ஆர்டரை நிறுத்தினாள். அப்புறம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை மீறிவிட்டேன். இன்றைக்கே இயக்குநருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், அடையாள அட்டையும் அதே உறையில் இருக்கிறது. அவள் நாலு கடைக்குச் சொல்வாள், விஷயம் பரவும். என்னைச் சேர்த்துவிட்டவன் நீ, உனக்கும் அடி விழும். ஜன்னல் வைத்த அறையும் போகலாம். தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமெல்லாம் ஜூனிலேயே தீர்ந்துவிட்டது.

அறையில் வந்து உட்கார்ந்து ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் யாரோ. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. உனக்கு இரண்டரை மாதம் இருந்ததே, தம்பி.

வேலை போனால் வீட்டுக்கு வா. மாமாவும் அதைத்தான் சொல்வார்.

உன் அக்கா